காய்ச்சல் வேறு, மலேரியா வேறு

இந்தியாவில் மலேரியா குறித்த பொதுப்பேச்சு காய்ச்சலில் தொடங்கிக் காய்ச்சலிலேயே முடிகிறது. குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை. நோய் உறுதியானால் மாத்திரை. காய்ச்சல் நின்றால் நோய் தீர்ந்தது. பள்ளிப் பாடநூலும் சுகாதார நிலையத்துச் சுவரொட்டியும் இந்த வரிசையைத்தான் கற்பிக்கின்றன. இதைப் பிழை என்று ஒதுக்க முடியாது. காய்ச்சல் கண்டவர் தாமதமின்றிப் பரிசோதனைக்குச் செல்வது உயிர் காக்கும் செயல். ஆனால் 2027-ஆம் ஆண்டுக்குள் உள்ளூர்த் தொற்றே இல்லாத நிலையை எட்டவும், 2030-இல் மலேரியா நீங்கிய நாடாகவும் இலக்கு வைத்துள்ள ஒரு நாட்டுக்கு இந்த வரிசை போதாது. எஞ்சியிருக்கும் மலேரியாவில் கணிசமான பகுதி, காய்ச்சலே இல்லாத உடல்களில் இருக்கிறது. அந்த உடல்களுக்கு உரியவர்களில் மிகப் பலர், அரசின் சுவரொட்டி பேசும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் அல்லர். இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் பார்க்காதவரை இலக்காண்டு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

முதலில் பெயரைப் பார்க்கலாம். மலேரியா என்பது இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தது. சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே நோய்க்குக் காரணம் என்ற பழைய நம்பிக்கையை அப்பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. வடமொழி மருத்துவ நூல்கள் விஷம ஜ்வரம் என்ற வகையை அமைத்து, மூன்றாம் நாள் காய்ச்சல், நான்காம் நாள் காய்ச்சல் என்று அதைக் கால இடைவெளியால் பிரித்தன. தமிழின் முறைக்காய்ச்சல் என்ற சொல்லும் அதே கவனிப்பிலிருந்து பிறந்ததே. ஒரு பெயர் தவறான காரணத்தைச் சுட்டுகிறது; மற்றவை சரியான ஓர் அறிகுறியைச் சுட்டுகின்றன. நோயின் உண்மையான காரணத்தை எந்தப் பெயரும் சொல்லவில்லை. 1880-இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவரான் நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் அதே ஒட்டுண்ணியின் வளர்நிலையைக் கண்டார். அன்று முதல் மலேரியா என்பது காற்றும் அல்ல, காய்ச்சலும் அல்ல. பிளாஸ்மோடியம் என்னும் ஒட்டுண்ணி மனிதருக்கும் அனாபிலஸ் கொசுவுக்கும் இடையே நடத்தும் வாழ்க்கைச் சுழற்சி. அறிவியல் இடம் மாறிய பின்னும் நிருவாகத்தின் கேள்வி மாறவில்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் செல்ல வேண்டிய சுகாதாரப் பணியாளர் இன்றும் கேட்பது, 'இங்கே யாருக்காவது காய்ச்சலா?' என்பதையே.

அந்தச் சுழற்சியைச் சுருக்கமாக நினைவுகூர்வது பயன்தரும். முட்டையிட இரத்தம் தேவைப்படும் பெண் அனாபிலஸ் கொசு, பெரும்பாலும் அந்திக்கும் விடியலுக்கும் இடையே கடிக்கிறது. அதன் உமிழ்நீர் வழியே நுழையும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலை அடைந்து பெருகுகிறது. இக்கட்டத்தில் எந்த அறிகுறியும் இராது. ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குப் பின் இரத்தத்தில் இறங்கிச் சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. சிவப்பணுக்கள் உடையும் தருணமே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வியர்வையுமாக உடலில் தெரிகிறது. ஒட்டுண்ணிகளில் ஒரு பகுதி ஆண், பெண் பால் வடிவங்களாக மாறி இரத்தத்தில் சுற்றும். அவற்றை உறிஞ்சும் கொசு, 10 முதல் 14 நாள்களில் அடுத்தவருக்கு நோயைக் கடத்தத் தகுதி பெறுகிறது. ஆக, காய்ச்சல் என்பது இச்சுழற்சியின் ஒரு கட்டத்தில் மட்டும் எழும் ஓசை. ஓசை கேட்காத இடத்திலும் சுழற்சி நடக்கும்.

காய்ச்சலுக்கும் ஒட்டுண்ணிக்கும் இடையிலான இந்த விலகல் மூன்று வகைகளில் வெளிப்படுகிறது.

முதலாவது, காய்ச்சல் எதிர்பார்த்த வடிவில் வராமை. இந்தியாவில் பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்னும் இரு இனங்களே. இவற்றில் உயிரிழப்புக்கு மிகுதியும் காரணமான ஃபால்சிபாரம், பாடநூல் சொல்லும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற ஒழுங்கைப் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. தலைவலி, வாந்தி, உடல்வலி, சோர்வு, ஒழுங்கற்ற காய்ச்சல் என்று வேறு எந்தக் காய்ச்சலைப் போலவும் அது தொடங்கலாம். முறை வரட்டும் என்று காத்திருக்கும் குடும்பத்தில், ஒரு குழந்தை ஓரிரு நாள்களில் நினைவிழப்பு, வலிப்பு, மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, கடும் இரத்தசோகை என்ற நிலைக்குச் சென்றுவிடக்கூடும். கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து மிகுதி. எனவே மலேரியா பரவும் பகுதியில் எந்தக் காய்ச்சலையும் அதன் வடிவம் பார்க்காமல் 24 மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்து அட்டையில் இடும் விரைவுப் பரிசோதனை, அரைமணிக்குள் விடை தந்துவிடும்.

இரண்டாவது, காய்ச்சல் நின்ற பின்னும் ஒட்டுண்ணி தங்கியிருத்தல். வைவாக்ஸ் ஒட்டுண்ணியின் ஒரு பகுதி கல்லீரலில் உறங்குநிலையில் கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து, புதிய கொசுக்கடி இல்லாமலேயே மீண்டும் நோயை எழுப்பும். குளோரோகுயின் மூன்று நாளில் இரத்தத்தைத் தூய்மையாக்கினாலும் கல்லீரலைத் தொடுவதில்லை. அதற்காகவே பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள்கள் உண்ணும்படி இந்திய மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. நான்காம் நாளே காய்ச்சலின்றி வயலுக்குத் திரும்பிவிட்ட ஒருவர், மேலும் பத்து நாள்கள் மாத்திரை உண்ண வேண்டிய காரணம் என்ன? காய்ச்சலே நோய் என்று கற்பித்த அரசு, இக்கேள்விக்கு விடை சொல்லும் தகுதியை முன்கூட்டியே இழந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இம்மாத்திரை சிவப்பணுச் சிதைவை ஏற்படுத்தலாம். கருவுற்றவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தரக்கூடாது. சிறுநீர் கருத்தால் உடனே நிறுத்திவிட்டுத் தெரிவிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையை, கேட்பவரின் மொழியில் புரியும்படி சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சலே வராமை. மலேரியா ஓயாத பகுதியில் பிறந்து பலமுறை தொற்றுக்கு உள்ளானவர்களின் உடல், ஒட்டுண்ணியை முற்றாக நீக்காமல் அதைத் தாங்கிக்கொள்ளப் பழகிவிடுகிறது. அவர் நடமாடுவார், உழுவார், சந்தைக்குச் செல்வார். அவரது இரத்தத்தில் குறைந்த எண்ணிக்கையில் ஒட்டுண்ணி இருக்கும். அவரைக் கடிக்கும் கொசு அதைப் பெற்றுக்கொள்ளும். மருத்துவம் இதை 'அறிகுறியற்ற தொற்று' என்கிறது. ஆனால் அறிகுறி இல்லை என்பதனால் கேடு இல்லை என்று ஆகாது. நெடுநாள் தங்கும் தொற்று இரத்தசோகையை வளர்க்கிறது; கருவுற்ற பெண்ணிடம் இருந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. காய்ச்சலைத் தேடும் கண்காணிப்பில் இவர் எங்கும் பதிவாவதில்லை.

இதைக் கோட்பாட்டு அச்சம் என்று தள்ளிவிட முடியாதபடி ஒடிசாவும் சத்தீஸ்கரும் காட்டியுள்ளன. 2016-இல் இந்தியாவில் பதிவான ஏறத்தாழ 11 லட்சம் மலேரியாத் தொற்றுகளில் 4.4 லட்சத்துக்கு மேற்பட்டவை ஒடிசாவைச் சேர்ந்தவை. கோராபுட், மல்காங்கிரி, ராயகடா, கந்தமால் போன்ற தென்பகுதி மலை மாவட்டங்களே அதன் மையம். அக்காலத்தில் தொடங்கப்பட்ட 'தமன்' திட்டத்தின் விரிபெயர், எட்ட முடியாத பகுதிகளில் மலேரியா நீக்கம் என்று பொருள்படும். அத்திட்டம் சிற்றூர்களில் முகாமிட்டு, காய்ச்சல் உண்டா என்று கேட்காமல் ஊரார் அனைவரையும் பரிசோதித்தது. தொற்று உள்ளவருக்கு அங்கேயே மருந்து தந்தது. கருவுற்றோர், குழந்தைகள் ஆகியோரின் இரத்தசோகையையும் ஊட்டக்குறைவையும் சேர்த்தே கவனித்தது. அதே காலத்தில் பூச்சிக்கொல்லி ஏற்றிய கொசுவலைகள் பெருமளவில் வழங்கப்பட்டன. 2019-இல் ஒடிசாவின் எண்ணிக்கை 40,000-க்கும் கீழே இறங்கியது. 2020 சனவரியில் தொடங்கிய 'மலேரியா இல்லாத பஸ்தர்' இயக்கமும் இவ்வாறே அனைவரையும் பரிசோதித்தது. முதற்சுற்றில் தொற்று உறுதியானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. வழக்கமான கண்காணிப்பு அவர்கள் அனைவரையும் நலமுள்ளவர்கள் என்றே எண்ணியிருக்கும்.

மறுப்புகள் உண்டு, அவற்றை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஒடிசாவின் வீழ்ச்சியில் கொசுவலையின் பங்கு எவ்வளவு, முகாம்களின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். ஊர் முழுவதையும் பரிசோதிக்கப் பணமும் ஆளும் மிகுதியாக வேண்டும். விரைவுப் பரிசோதனை அட்டை, இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருந்தால் தவறவிடும். எனவே ஒருமுறை தேடியதோடு வேலை முடிவதில்லை. ஒடிசாவில் 2023-இல் எண்ணிக்கை மீண்டும் ஏறியதும் இதையே உணர்த்துகிறது. ஆனால் இந்த மறுப்புகள் எவையும் காய்ச்சலுக்குக் காத்திருக்கும் முறையை நியாயப்படுத்தவில்லை. தேடலை எங்கே, எத்தனை முறை, எந்தக் கருவியால் நடத்துவது என்ற கேள்விகளையே அவை எழுப்புகின்றன. நாடெங்கும் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. தொற்று ஓயாத குன்றுப்புறச் சிற்றூர்கள் எவை என்பது மாவட்ட நிருவாகங்களுக்குத் தெரியும்.

பாதி வழியில் நிற்பதன் விலையை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. விடுதலையின்போது இந்தியாவில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாகி, 8 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-இல் ஒழிப்புத் திட்டம். டிடிடி தெளிப்பின் பயனாக 1960-களின் நடுப்பகுதியில் பதிவான தொற்றுகள் ஏறத்தாழ ஒரு லட்சமாகச் சுருங்கின. பிறகு கவனம் தளர்ந்தது; கொசுவும் பூச்சிக்கொல்லியைத் தாங்கப் பழகியது. 1976-இல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. இலங்கை 1963-இல் வெறும் 17 தொற்றுகள் என்ற நிலையை எட்டிய பின், அப்பத்தாண்டின் இறுதியில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோரைத் தாக்கிய கொள்ளைநோயைச் சந்தித்தது. அதே இலங்கை, போர்க்காலத்திலும் கண்காணிப்பைக் கைவிடாமல் தொடர்ந்து, 2012-இல் கடைசி உள்ளூர்த் தொற்றைப் பதிவுசெய்து, 2016-இல் மலேரியா நீங்கிய நாடு என்ற சான்றைப் பெற்றது. தொற்று குறைந்த பின்னும் தேடலை நிறுத்தாததே இரண்டாவது முயற்சியின் வேறுபாடு.

தேடும் முறை எண்ணும் முறையையும் தீர்மானிக்கிறது. 2023-இல் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாகப் பதிவான தொற்றுகள் ஏறத்தாழ 2.27 லட்சம், இறப்புகள் 83. அதே ஆண்டுக்கு உலகச் சுகாதார அமைப்பின் மதிப்பீடு ஏறத்தாழ 20 லட்சம் தொற்றுகள். பதிவும் மதிப்பீடும் வேறு வேறு வகை எண்கள். ஆயினும் இந்த இடைவெளி, பதிவேட்டுக்கு வெளியே நிற்பவர்களின் அளவைச் சுட்டுகிறது. 2010-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் 70 வயதுக்கு முன் மலேரியாவால் இறப்போர் ஆண்டுக்கு 2,05,000 பேர் என்று மதிப்பிட்டது. உலகச் சுகாதார அமைப்பின் அன்றைய மதிப்பீடு 15,000 மட்டுமே. இறந்தவரின் குடும்பத்தாரிடம் இறப்புக்கு முந்தைய நிலையைக் கேட்டு, அவர்கள் சொல்லும் விவரத்திலிருந்து காரணத்தை ஊகிக்கும் முறையை அந்த ஆய்வு பின்பற்றியது. காய்ச்சலால் இறந்தார் என்ற கூற்றிலிருந்து மலேரியாவைப் பிரித்தறிய முடியாது என்பதே அதன்மீது வைக்கப்பட்ட முதன்மையான விமரிசனம். விமரிசனம் வலுவானதே. ஆனால் அவ்வாய்வு மலேரியா இறப்பு எனக் கணித்தவற்றில் 86 விழுக்காடு எந்த மருத்துவ நிலையத்திலும் நிகழாதவை. மருத்துவர் காணாத இறப்புக்கு உறவினரின் சொல்லே எஞ்சியிருக்கும் சான்று. அச்சொல்லைச் சரியாகக் கேட்கவும் பெயர்க்கவும் வேண்டிய பணியை மொழியறிஞர்கள் மருத்துவரிடமே விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் மொழி, துணைப்பொருளாக இல்லாமல் சிக்கலின் நடுவே வந்து நிற்கிறது. காய்ச்சலில் நடுங்குபவருக்கு மாத்திரையின் தேவையை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தாமே தேடி வருவார். நலமாக இருப்பதாக உணரும் ஒருவரின் விரலைக் குத்தி, அவரது இரத்தத்தில் நோய் இருப்பதாகச் சொல்லி, மருந்தை முழுவதும் உண்ணச் செய்வது முற்றிலும் உரையாடலைச் சார்ந்த செயல். அந்த உரையாடல் தென் ஒடிசாவில் குயி, குவி, கோயா, சோரா, ரெமோ மொழிகளிலும் பஸ்தரில் கோண்டி, ஹல்பி, துர்வா மொழிகளிலும் நடந்தாக வேண்டும். சுவரொட்டியோ ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டப்படுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம் பேர். குயி பேசுவோர் 9 லட்சத்துக்கும் மேல். இரண்டும் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இல்லை. குயி, குவி, கோண்டி, கோயா ஆகியவை தமிழின் உறவு மொழிகள். திராவிட மொழிக் குடும்பத்தின் தொன்மை குறித்துக் கருத்தரங்கு நடத்தும் துறைகள், அக்குடும்பத்தின் இம்மொழிகளைப் பேசுவோர் எந்த நோயால் இன்றும் இரத்தம் குன்றுகிறார்கள் என்பதையும் அறிந்திருப்பது முறை.

தடுப்புமுறையும் இடத்துக்கும் வாழ்க்கைக்கும் ஏற்ப மாறுபடுவது. நகரங்களில் நோய் கடத்தும் அனாபிலஸ் ஸ்டீபன்சி, மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் கட்டுமானத் தளத்தில் தேங்கிய தெளிந்த நீரிலும் முட்டையிடும். அங்கே தொட்டியை மூடுவதும் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை அகற்றுவதும் முதன்மையான வேலை. குன்றடிவாரத்தின் அனாபிலஸ் ஃப்ளுவியாடிலிஸ் மெல்ல ஓடும் ஓடைகளில் பெருகுவது. ஓடையை எவரும் கவிழ்த்துக் கொட்ட முடியாது. அங்கே மருந்தேற்றிய கொசுவலையும் வீட்டுச் சுவரில் பூச்சிக்கொல்லி தெளித்தலுமே காப்பு. ஆனால் வலை வீட்டுக் கூரையின் கீழ் உறங்குபவரை மட்டுமே காக்கும். அறுவடைக்கு முன் பயிர்க்காவலுக்காக வயற்குடிசையில் இரவு தங்குபவரும், காட்டுப்பொருள் சேகரிக்கச் சென்று அங்கேயே தங்குபவரும் அந்தக் காப்புக்கு வெளியே இருக்கிறார்கள். அவர்கள் எங்கே, எந்த மாதத்தில், எப்படி உறங்குகிறார்கள் என்பதைக் கேட்டறியாமல் வலைகளின் எண்ணிக்கையை மட்டும் அறிக்கையில் ஏற்றுவது அரைவேலை. தடுப்பூசியும் இப்போதைக்கு மாற்று ஆகாது. புனேயில் உற்பத்தியாகும் ஆர்21 தடுப்பூசியை உலகச் சுகாதார அமைப்பு 2023-இல் பரிந்துரைத்தது. ஆனால் அது ஃபால்சிபாரத்துக்கு எதிராகக் குழந்தைகளுக்கு வழங்கப்படுவது. கல்லீரலில் உறங்கும் வைவாக்ஸைத் தொடாது.

மொழியியலாளருக்கு இதில் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கப்படலாம். களப்பணியில் முதல் நாள் கையிலெடுக்கும் சுவாடெஷின் 100 சொற்பட்டியலில் இரத்தம் உண்டு, ஈரல் உண்டு, காய்ச்சல் இல்லை. பேன் உண்டு, கொசு இல்லை. ஒப்பீட்டுக்காக உருவான பட்டியலின் நோக்கம் வேறு என்பதால் அதைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் பட்டியலைக் கடந்த பின்னும் நோய்ச்சொற்கள் எளிதில் ஆவணத்தில் ஏறுவதில்லை. ஒரு மொழியினர் காய்ச்சலை எத்தனை வகையாகப் பிரிக்கிறார்கள், நடுக்கத்தோடு வருவதற்குத் தனிச்சொல் உண்டா, மண்ணீரல் வீக்கத்தை எவ்வாறு சொல்கிறார்கள், நோய் 'போய்விட்டது' என்பதற்கும் 'அடங்கியிருக்கிறது' என்பதற்கும் வேறுபாடு செய்யும் வினைகள் எவை? பிரைமாகுயினை 14 நாள் உண்ணச் சொல்ல வேண்டிய ஆஷா பணியாளருக்கு இக்கடைசிக் கேள்வியின் விடையே மிக நல்ல கருவி. உறங்கும் ஒட்டுண்ணியைக் குறிக்க உள்ளூர் வழக்கில் ஒரு வினை இருந்தால், பத்துச் சுவரொட்டிகள் செய்யாத வேலையை அது செய்யும்.

ஆகவே வைக்கத்தக்க கோரிக்கைகள் நான்கு. தொற்று ஓயாத சிற்றூர்களில், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், காய்ச்சல் பாராமல் அனைவரையும் பரிசோதிப்பதை முகாம் நிகழ்வாக அல்லாமல் நிலையான பணியாக ஆக்க வேண்டும். மாவட்ட அறிக்கையில், பரிசோதிக்கப்பட்டவர்களில் காய்ச்சல் இல்லாதவர் எத்தனை பேர், அவர்களில் தொற்று உள்ளவர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களைத் தனியே வெளியிட வேண்டும். சுழியம் என்ற எண், தேடிக் கிடைக்காத சுழியமா, தேடாமல் வந்த சுழியமா என்பது அப்போதுதான் தெரியும். அந்தந்த மொழி பேசும் ஆஷா பணியாளர்களுக்கு விளக்கவும் கேட்கவும் செலவாகும் நேரத்தையும் வேலையாக மதித்து ஊதியம் தர வேண்டும். மொழியியல், மானிடவியல் துறைகள் நோய்ச்சொல் தொகுப்பை ஆய்வேட்டுக்குத் தகுதியான பொருளாக ஏற்று, கிடைக்கும் சொற்களை நூலகத்தில் அடுக்குவதற்கு முன் மாவட்ட மலேரியா அலுவலரின் மேசையில் வைக்க வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றும் அரசின் கையில் உள்ளவை. நான்காவதைத் தொடங்க எந்த அரசாணையும் தேவையில்லை. அடுத்த களப்பயணத்துக்கான வினாப்பட்டியலில் ஒரு பக்கத்தைக் கூட்டினால் போதும்.